கொப்பியில் எழுதிய 18, எந்த 18?

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். என் மாமிக்கு 67 வயது, 14 வருடமாகச் சலரோகம். குளிசையால் கட்டுப்படவில்லை என்று 3 மாதத்துக்கு முன் கிளினிக்கில் 30/70 கலவை இன்சுலின் தொடங்கினார்கள். காலை 18, இரவு 10 யூனிற். நான்தான் போட்டுவிடுகிறேன். இரண்டு வெள்ளிக்கு முன் காலை 7 மணிக்கு வழமைபோலப் போட்டேன். விரத நாள் என்பதால் மதியப் பூசை முடிந்துதான் சாப்பிடுவா. பத்தரை மணிபோல உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னா. பக்கத்து வீட்டு அன்ரி பனங்கட்டியும் பிளேன்ரீயும் கொடுத்துத் தெளிந்தா. அன்றிலிருந்து ஊசி வேண்டாம் என்று நிற்கிறா. "இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம், கிட்னியும் போய்விடும்" என்று அயலில் சொல்கிறார்களாம். இன்னும் மூன்று விசயம்: தொப்புளுக்குப் பக்கத்தில் எப்போதும் போடும் இடத்தில் மெத்தென்ற ஒரு வீக்கம் இருக்கிறது. கரண்ட் போனால் மருந்து பழுதாகுமா என்று பயமாக இருக்கிறது. மச்சாள் சென்னையில் இருந்து வரும்போது சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு பெட்டியும் இன்சுலின் 2 போத்தலும் கொண்டுவந்து தந்தா. இங்கே வாங்கியது முடிந்ததால் அந்தச் சிரிஞ்ச் சிலதைப் பாவித்தேன். பரவாயில்லையா?

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய விசயத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்ச் பெட்டியை இப்பவே தனியே எடுத்து, கை படாத இடத்தில் வையுங்கள். இனி ஒன்றுகூடப் பாவிக்க வேண்டாம்.

மாமி ஊசியை நிறுத்தி ஒரு கிழமைக்கு மேலாகிறது. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் நாளைக்கே கொப்பி, மருந்துப் போத்தல், இரண்டு வகைச் சிரிஞ்சிலும் ஒவ்வொன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். தீராத தாகம், அடிக்கடி சலம் போவது, சத்தி, வேகமான மூச்சு, தூங்கித் தூங்கி விழுவது, குளுக்கோமீற்றரில் 300க்கு மேல் என்று ஏதாவது இருந்தால் இரவென்றாலும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதேநேரம் பழைய 18ஐ நீங்களாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். காரணம், அந்த வெள்ளிக்கிழமை மாமியின் உடம்புக்குள் போனது 18தானா என்பது உங்கள் கடிதத்தில் இருந்து தெரியவில்லை.

இலங்கையில் கிளினிக்கில் தரும் இன்சுலின் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிற் இருக்கிறது. அதற்குரிய சிரிஞ்சின் ஊசி மூடி செம்மஞ்சள் நிறம், உடலில் யூ-100 என்று அச்சடித்திருக்கும். இந்தியாவில் போத்தலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 யூனிற். அதற்கென்றே செய்த சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-40 என்ற அச்சு. அந்த ஊரில், அந்தப் போத்தலோடு, அது சரியான பொருள்தான். பிழை இரண்டையும் மாற்றிப் பிடிக்கும்போதுதான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 18 என்ற கோடு 0.45 மில்லிலீற்றர். அதற்குள் நம்முடைய 100 யூனிற் மருந்தை இழுத்தால் வருவது 45 யூனிற். வைத்தியர் எழுதியதைப்போல இரண்டரை மடங்கு. வெறும் வயிற்றில் இருக்கும் 67 வயது அம்மாவுக்கு அது உயிராபத்தான அளவு. திருப்பிப் போட்டால், அதாவது இந்தியப் போத்தலில் இருந்து செம்மஞ்சள் மூடிச் சிரிஞ்சில் 18 இழுத்தால், 7 யூனிற் சொச்சம்தான் போகும். ஆள் விழமாட்டா, ஆனால் சீனி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். கிளினிக்கில் "மருந்து காணாது" என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒரு நாள் சரியான போத்தல் கைக்கு வரும்போது கூட்டிய அளவு முழுதாக இறங்கும். அது இன்னும் மோசம்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை எந்தச் சிரிஞ்ச் பாவித்தீர்கள் என்று யோசித்துப் பார்த்து, நாளைக்கு வைத்தியரிடம் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். அவர் அடுத்த அளவை எழுதுவதற்கு இந்த ஒரு தகவல்தான் அடித்தளம். பேச்சு விழும் என்று மறைக்க வேண்டாம். மச்சாள் அன்பில் கொண்டுவந்ததுதான், அவவில் குற்றமில்லை. பலாலியில் இருந்து விமானமும் காங்கேசன்துறையில் இருந்து கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு மருந்துப் பைகள் இப்படி வந்துபோவது சாதாரணமாகிவிட்டது. குளிசை என்றால் மில்லிகிராமை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்சுலினில் போத்தலும் சிரிஞ்சும் ஒரு சோடி. அந்த 2 போத்தலையும் பாவிக்காமல் கிளினிக்கில் காட்டி ஒப்படைத்துவிடுங்கள்.

சரியான சிரிஞ்சிலும் ஒரு பொறி இருக்கிறது. 1 மில்லிலீற்றர், 100 யூனிற் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு 2 யூனிற். 10 என்ற இலக்கத்துக்குப் பிறகு 4 கோடு எண்ணினால்தான் 18. ஒரு கோடு ஒரு யூனிற் என்று நினைத்து 8 கோடு எண்ணினால் 26 ஆகிவிடும். அரை மில்லிலீற்றர், 50 யூனிற் சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிற்; இலக்கங்களும் அகலமாக நிற்கும். மாமியின் இரண்டு அளவுமே 50க்குள் அடங்குவதால் பாமசியில் 50 யூனிற் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் அதே வகையை. வேறு ஊசி மருந்துக்குப் பாவிக்கும் சாதாரண 2, 3 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள் இதற்கு அறவே கூடாது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். சிரிஞ்ச் சரியானதாகவே இருந்திருந்தாலும் அன்றைக்கு மாமிக்கு சீனி இறங்கியிருக்கும். 30/70 என்றால் போத்தலில் இரண்டு வகை இன்சுலின் கலந்திருக்கிறது. 30 பங்கு கெதியாக வேலை செய்வது. அரை மணித்தியாலத்தில் தொடங்கி, 2 முதல் 4 மணித்தியாலத்தில் உச்சம். 70 பங்கு ஆறுதலானது. ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தொடங்கி, 4 மணித்தியாலத்துக்குப் பிறகு உச்சத்துக்குப் போய் நீண்ட நேரம் நிற்கும். காலை 7 மணிக்குப் போட்டால் பத்தரைக்கு முதல் வகை உச்சத்தில், இரண்டாவது வகை ஏறிக்கொண்டு. இடியப்பமோ புட்டோ சாப்பிட்டு வயிற்றில் இருந்திருந்தால் அதற்குரிய வேலை மருந்துக்கு இருந்திருக்கும். சாப்பாடு இல்லாததால் இரத்தத்தில் இருந்த கொஞ்சச் சீனியையும் அது இறக்கிவிட்டது. மாமிக்கு வந்தது மருந்தின் ஒவ்வாமை அல்ல. மருந்து சரியாகத்தான் வேலை செய்தது, சாப்பாடு வரவில்லை. இதை மாமிக்கு ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள். அவ பயப்படுவது நியாயமான பயம், காரணம் தெரிந்தால்தான் அது போகும்.

இந்தக் கலவை இன்சுலினுக்கு ஒழுங்கு ஒன்றுதான்: ஊசி, அரை மணித்தியாலம், சாப்பாடு. சாப்பாடு அடுப்பில் ஆயத்தமாக இருக்கும்போதுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொல்லி நான் எழுதவில்லை. 40 வருடமாகப் பிடித்த விரதத்தை ஒரு கடிதத்தில் நிறுத்த முடியாது. ஆனால் மதியம்வரை சாப்பிடாத நாளில் வழமையான 18ஐ ஏற்றக் கூடாது. அந்த நாளுக்கு எத்தனை யூனிற், எத்தனை மணிக்கு என்பதை நாளைக்கு வைத்தியரிடம் கேட்டு, "விரத நாள்" என்று தனி வரியாகக் கொப்பியில் எழுதுவியுங்கள். அந்த வரி கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமையும் காலையில் மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டே ஆக வேண்டும். கந்தசஷ்டி 6 நாளும் பட்டினி கிடப்பது இந்த மருந்தில் உள்ளவருக்கு வைத்தியரின் அனுமதி இல்லாமல் சரிவராது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடியற்புறம் எழும்பி, வெயிலில் நீண்ட நேரம் நடப்பதும் சீனியை இறக்கும். அன்றைக்கு மடியில் சீனிப் பொட்டலம் இருக்க வேண்டும்.

இரவு ஊசியையும் மறக்க வேண்டாம். 7 மணிக்குப் போட்ட 10 யூனிற்றின் ஆறுதலான பங்கு நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் உச்சத்தில் நிற்கும். தலையணை நனைய வியர்ப்பது, கெட்ட கனவு, காலையில் எழும்பும்போது தலையிடி இருந்தால் இரவில் சீனி இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் 3 மணிக்கு எழும்பி விரலில் குத்திப் பாருங்கள்.

சீனி இறங்கினால் செய்வது. 70க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதி இல்லாமல் வியர்வையும் நடுக்கமும் இருந்தால், 3 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பாட்டு நேரம் தூரமாக இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு பாணோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து திரும்ப இறக்கும். சொக்லேற் இதற்கு உதவாது. அதில் உள்ள கொழுப்பு சீனியை ஆறுதலாகத்தான் இரத்தத்துக்கு விடும்.

அன்ரி பனங்கட்டி கொடுத்தது நல்ல புத்தி. ஆனால் குழம்பிப் போயிருக்கும் ஆள் கடித்து மெல்லும்போது தொண்டையில் சிக்கலாம், சூடான பிளேன்ரீயைக் கெதியாகக் குடிக்கவும் முடியாது. இனி இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இன்னொன்று: பனங்கட்டி சீனியைக் கூட்டாது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. கூட்டாது என்றால் அன்றைக்கு மாமி தெளிந்திருக்கவே மாட்டா. பனங்கட்டியும் பனங்கற்கண்டும் பெரும்பங்கு சீனிதான். ஆபத்தில் உதவும், தினமும் தேத்தண்ணீரோடு கடிப்பதற்கு அல்ல.

மயங்கிவிட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது. ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். மாமி கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையும் எடுக்கிறாவா என்று பாருங்கள். அவற்றோடு இறங்கும் சீனி தெளிந்த பிறகும் திரும்பத் திரும்ப இறங்கலாம், ஆகவே வீட்டில் வைத்திருக்காமல் ஆசுப்பத்திரியில் காட்ட வேண்டும். பிரசருக்கு அல்லது நெஞ்சுக்கு அட்டெனலோல், புரோப்பிரனலோல் போன்றவை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். அதை நம்புங்கள்.

தொப்புளுக்குப் பக்கத்து வீக்கம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும்போது இன்சுலினே அந்த இடத்துக் கொழுப்பை வளர்த்துவிடும். புற்றுநோய் இல்லை, சீழும் இல்லை. சிவந்து, சுட்டு, நொந்தால் மட்டும் அது வேறு கதை, உடனே காட்டுங்கள். அங்கே வலி குறைவு என்பதால் மாமிக்கு அந்த இடம்தான் பிடிக்கும். ஆனால் அதற்குள் போகும் மருந்து ஒரு நாள் தேங்கும், ஒரு நாள் மொத்தமாக வரும். காரணமில்லாமல் சீனி ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சில மாதங்களுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வீங்கிய இடத்தில் போட்டுப் பழகிய அளவை நல்ல தோலில் போட்டால் மருந்து முழுதாக இரத்தத்துக்கு வந்து சீனி கூட இறங்கலாம். வீக்கத்தையும் நாளைக்குக் காட்டுங்கள். அளவைக் குறைத்துத்தான் தொடங்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தொப்புளைச் சுற்றி இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு, வயிற்றை நான்கு கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கூறு. கூறுக்குள்ளும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் தள்ளி. இரவு ஊசியைத் தொடையின் மேல் வெளிப்பக்கத்தில் போடலாம். வயிற்றைவிட அங்கே மருந்து ஆறுதலாக இறங்கும். ஆனால் காலையில் வயிறு என்றால் எப்போதும் காலையில் வயிறுதான், மாற்றி மாற்றி வேண்டாம். மாமி மெலிந்தவ என்றால் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சரித்து ஏற்றுங்கள், தசைக்குள் போகக் கூடாது. உள்ளே தள்ளியதும் 10 எண்ணிவிட்டு இழுங்கள். தேய்க்க வேண்டாம்.

மருந்தை இழுக்கும் முன் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் 10 தரம் உருட்டி, 10 தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் நுரைக்கும், காற்றுக் குமிழ் வரும். உருட்டாமல் இழுத்தால் அடியில் படிந்த ஆறுதலான பங்கு அடியிலேயே நிற்கும். 30/70 என்ற கணக்கே பிழைத்துவிடும். பால்போல ஒரே சீராக வர வேண்டும். 18 யூனிற் அளவு காற்றை முதலில் போத்தலுக்குள் தள்ளி, பிறகு கவிழ்த்து மருந்தை இழுங்கள். குமிழ் உடம்புக்கு ஆபத்தில்லை, ஆனால் மருந்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தட்டி வெளியேற்றுங்கள்.

கரண்ட் விசயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. சில மணித்தியால மின்வெட்டில் இன்சுலின் பழுதாகாது. பிரிஜ் கதவைத் திறக்காமல் விட்டால் போதும். திறக்காத போத்தல்கள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவனையில் உள்ள போத்தல் 30 பாகைக்குக் கீழே வெளியிலும் 4 கிழமை நிற்கும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். மாமிக்கு ஒரு நாளைக்கு 28 யூனிற், 28 நாளில் 784. 1000 யூனிற் போத்தலில் 216 மிஞ்சும். மனம் கேட்காதுதான், என்றாலும் அந்த மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். 25 பாகைக்குக் கீழே 6 கிழமை என்று எழுதிய போத்தலும் உண்டு, ஆனால் சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள் 25 பாகை எங்கே?

வெக்கையைவிட நான் பயப்படுவது உறைவதற்குத்தான். சின்ன பிரிஜ்ஜில் ஐஸ் தட்டுக்குக் கிட்டவோ பின்சுவரோடு ஒட்டியோ வைத்தால் இரவில் உறையும். உறைந்தது இளகிப் பார்வைக்குப் பழையபடி வந்தாலும் பலன் போய்விடும். கீழ்த் தட்டிலோ கதவிலோ ஒரு பெட்டிக்குள் வையுங்கள். உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக மிதந்தால், அல்லது போத்தல் சுவரில் பனி படர்ந்ததுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் எறியுங்கள். கிளினிக்கில் இருந்து கொண்டுவரும்போது ஐஸ்கட்டியில் நேரே படாமல் துணியில் சுற்றுங்கள். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைத்து மத்தியான வெயிலில் நிறுத்துவது நல்ல மருந்தைக் கொல்லும்.

நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைத்து, ஈரச் சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். போத்தலை நீர் புகாத டப்பாவுக்குள் போட்டு உள்ளே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய திகதி அழியும். வரண்ட சோளகக் காற்றில் இது மிக நன்றாகக் குளிரும். மாரி ஈரத்தில் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு.

கடைசிக் கட்டம் என்ற கதை. இன்சுலின் கிட்னியைப் பழுதாக்குவதில்லை. வருடக்கணக்காகக் கூடி நின்ற சீனியும் பிரசரும்தான் பழுதாக்கும். நம்மில் பலர் பயத்தில் இன்சுலினைத் தள்ளித் தள்ளி, கிட்னி தொடப்பட்ட பிறகுதான் தொடங்குகிறார்கள். அயலவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு முடிச்சுப் போடுகிறார்கள். 14 வருடத்தில் மாமியின் கணையம் இன்சுலின் சுரப்பது குறைந்துவிட்டது. இல்லாததை வெளியில் இருந்து கொடுக்கிறோம். வாயால் கொடுத்தால் வயிறு அதைச் சாப்பாடுபோலச் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. ஒரு உண்மையை மட்டும் தெரிந்து வையுங்கள்: கிட்னி பலவீனமானால் இன்சுலின் உடம்பில் கூட நேரம் தங்கும், அதே அளவில் சீனி இறங்கத் தொடங்கும். "வருத்தம் குறையுது, ஊசி குறையுது" என்று மகிழாமல், அப்படி நடந்தால் கிட்னிக்குரிய இரத்தப் பரிசோதனையும் சலப் பரிசோதனையும் கேளுங்கள். மாமிக்கு அவை கடைசியாக எப்போது செய்தது என்றும் நாளைக்குக் கேட்கலாம்.

பாவித்த சிரிஞ்சுகளை, அந்தச் சிவப்பு மூடிகள் உட்பட, வளவில் எறியவோ குப்பைப் பையில் போடவோ வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் இடம், நகரசபைத் தொழிலாளர் வெறுங்கையோடு அள்ளும் பை. தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி, முக்கால்வாசி நிரம்பியதும் கிளினிக் தாதியிடம் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக் கொடுங்கள்.

நாளைக்குப் போகும்போது கொப்பியில் 18 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இவ்வளவும் எழுதுவித்து வாருங்கள்: 100 யூனிற் போத்தல், செம்மஞ்சள் மூடி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன், விரத நாளில் எவ்வளவு. நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் ஊசியை எடுக்கப்போவது அந்தக் கொப்பியை மட்டும் பார்க்கும் வேறொருவர்.